குளத்து மாப்பிள்ளை

மின்சார இலாகாவின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவரை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மெயின் சுவிட்ச்' என்றால் தபால்காரருக்கும் தெரியும், தெருநாய்க்கும் தெரியும். பணியில் இருந்த காலமெல்லாம் அவருக்கு ஒரே எதிரி, வழியில் காணாமல் போகும் கரண்ட். உற்பத்தி நிலையத்தில் கிளம்பும் மின்சாரம் முழுசாக வீடு வந்து சேராது. கம்பி சூடாகும், டிரான்ஸ்ஃபார்மர் முனகும், கொஞ்சம் கொஞ்சமாக வழியிலேயே தேய்ந்து போகும். அந்தத் தேய்மானம் நூலளவு குறைந்தால் அன்றைக்கு வீட்டுக்கு இனிப்புப் பொட்டலத்தோடு வருவார். நூலளவு கூடினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். தட்டில் சோறு இருக்கிறதா, சுண்ணாம்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் விழுங்குவார்.

ஓய்வு பெற்றதும் எதிரியைப் பறிகொடுத்த தளபதி போல ஆகிவிட்டார். ஃபிரிட்ஜ் கதவை யார் எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறார்கள் என்று சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் காத்தார்.

"பால் எடுக்கத்தாங்க திறந்தேன். பாட்டுக் கேக்கத் திறக்கல" என்று மனைவி சொல்லிப் பார்த்தார். பலனில்லை. கடைசியில், "போய் முற்றத்துல காத்து வாங்குங்க. காத்துக்கு மீட்டர் கிடையாது" என்று அவரைக் கிளப்பிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

முற்றத்தில் ஒரு குளம் இருந்தது. படகு விடும் குளமெல்லாம் இல்லை. கட்டிடம் கட்டியவர் பாதியில் விட்டுப்போன பள்ளம். இடுப்பளவு தண்ணீர், சுற்றிலும் செங்கல் விளிம்பு. எல்லா வீட்டையும் நச்சரித்து நச்சரித்து அந்தப் பள்ளத்தைக் குளமாக்கியவர் மெயின் சுவிட்சின் மனைவிதான். ஜன்னலோரம் உட்கார்ந்து திரைச்சீலை தைக்கும்போது தலையைத் தூக்கினால் தண்ணீர் தெரிய வேண்டும், அப்போதுதான் தையல் நேராக ஓடும் என்பார் அந்த அம்மாள். கரையில் அவர் வைத்த பூச்செடிகள். செடிகளுக்கு ஊற்றக் குளத்து நீரை மொண்டு வைக்க ஒரு கல்தொட்டி.

குளத்தில் வெள்ளி வெள்ளியாய்ப் பொடிமீன்கள். அவற்றுக்கு நடுவே, அடியில், முழங்கை நீளத்துக்கு ஒரு கறுத்த மீன். அசையாது, கொள்ளாது. வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. பசித்தால் வாயைத் திறக்கும், மூடும். ஒரு பொடிமீன் காணாமல் போயிருக்கும். மறுபடி பழைய இடத்தில் கிடக்கும். இந்த லட்சணத்தைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார். பெண்ணெடுத்த வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கும் அதற்கும் மீசைதான் வித்தியாசம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மெயின் சுவிட்சுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக் அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில். காத்திருந்த நேரத்தில் அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினார். அதில் ஒரு குளத்தின் படம். வெயிலைப் பிடித்துப் பாசி வளர்கிறது. பாசியைப் பூச்சி தின்கிறது. பூச்சியைச் சின்ன மீன். சின்ன மீனைப் பெரிய மீன். கிளம்பிய சக்தி கைமாறிக் கைமாறிப் போகிறது. சரிதான் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் அடுத்த வரியில் எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு கைமாறலிலும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த கைக்குப் போய்ச் சேர்கிறதாம்!

"பத்துல ஒம்பது போகுதா! அய்யோ!"

அந்த அலறலில் உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்திருந்தவர் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"சார், உங்களை நான் இன்னும் தொடவே இல்லையே?"

அவர் எங்கே அங்கே இருந்தார்! பல்வலியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"இந்தா, கேட்டியா? நம்ம குளத்துல பகல் கொள்ளை நடக்குது! பாசி பத்துப் பங்கு வச்சிருந்தா பூச்சிக்கு ஒரு பங்குதான் சேருது. அதுலயும் பத்துல ஒண்ணுதான் பொடிமீனுக்கு. அதுலயும் பத்துல ஒண்ணு மாப்பிள்ளைக்கு. எங்க இலாகாவுல இப்படி ஒரு லைன் இருந்தா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க!"

"மிச்சம் எங்க போகுதாம்?" மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"நீந்தறதுல போகுதாம், மூச்சு விடறதுல போகுதாம், சூடாப் போகுதாம். பாதியைத் திங்காமலே விட்டுடுதாம். அநியாயம்!"

"ஏங்க, நீங்க மட்டும்? இத்தனை வருஷமா நான் ஆக்கிப் போட்டதெல்லாம் உடம்புலயா ஒட்டியிருக்கு? பத்துல ஒம்பது பேச்சாத்தானே போச்சு?"

நியாயமான கேள்வி. ஆனால் மெயின் சுவிட்ச் கரையில் போய் நின்றுவிட்டார். அவர் பார்வை மாப்பிள்ளை மேல் விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் பழகிய மூளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சப்ளை போதவில்லையா? பெரிய லோடைக் கட் பண்ணு. கம்பியின் கடைசி முனையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து தின்கிற இவனைத் தூக்கிவிட்டால், மிச்சமாகும் சக்தியில் குளம் கொழித்துக் கிடக்காதா? உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும், இந்தக் குட்டை எம்மாத்திரம்!

மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவர் தைத்து வைத்திருந்த திரைச்சீலையாலேயே வளைத்து மாப்பிள்ளையைப் பிடித்தார். பிடிபட்டவன் சும்மா இருப்பானா? கட்டை விரலில் ஒரு கடி. சத்தம் கேட்டு நாலு மாடி ஜன்னலும் திறந்தது. ஆனாலும் தளபதி வாளியோடு தெருமுனை மீன்கடைக்குப் போய், கடைக்கார அம்மாவிடம் மாப்பிள்ளையை ஒப்படைத்து, வெற்றியோடு திரும்பி வந்தார்.

கடையிலிருந்து வந்த மனைவி குளத்தைப் பார்த்தார். கணவரின் கட்டை விரலைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்க?"

"லோடு ஷெட்டிங்."

"வேலை செய்யாம உக்காந்து சாப்பிடறவங்களை எல்லாம் வெளிய தூக்கிப் போடணும்னா, இந்த வீட்டுல யாரை முதல்ல போடணும்?" என்றார் அந்த அம்மாள். அதுதான் அவர் கணவரிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் தையல் மெஷினோடுதான். "மெஷினே, சோறு வடிச்சாச்சு, பசிக்கிறவங்க வந்து உக்காரலாம்னு சொல்லு" என்பார். கோபம் இருந்தால் மெஷின் ரயில் மாதிரி ஓடும். அந்த வாரம் அது எக்ஸ்பிரஸ் ரயில்.

ஆரம்பத்தில் மெயின் சுவிட்சின் கணக்கு பலிக்கவே செய்தது. பொடிமீன்கள் பெருகின. கடுகைக் கொட்டினது போலப் பெருகின. குச்சியை நட்டால் சாயாமல் நிற்கும் போலிருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அவர் மாடி மாடியாகப் போய் ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார்.

பிறகு தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியது. பிறகு நன்றாகவே பச்சை. பிறகு என்ன சொல்ல, பசுமாடு பார்த்தால் புல்வெளி என்று மேய இறங்கிவிடும், அப்படி ஒரு பச்சை! கையை விட்டால் மணிக்கட்டோடு கை காணாமல் போனது. நாற்றம் முதலில் கீழ்த்தளத்துக்கு வந்தது, பிறகு படியேறியது. லிஃப்டில்கூட ஏறியது என்று நான்காம் மாடிக்காரர்கள் சத்தியம் செய்தார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி இதற்காகவே காத்திருந்தவர். அவர் மெயின் சுவிட்சின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. புதுக் கார் வாங்கி, அதை நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி வெயிலில் விட்டிருந்தார். அந்தக் கவலையில் கண்ணில் படும் வெற்றிடமெல்லாம் அவருக்குக் கார் நிற்கும் இடமாகவே தெரிந்தது. ஒருநாள் அக்கா வீட்டுக் கூடத்தைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்து, "சோஃபாவை நகத்தினா தாராளமா நிக்கும்" என்று முணுமுணுத்தவர்.

முற்றத்திலேயே கூட்டம் போட்டார்.

"அத்தான், இது குளமா, பெயின்ட் டப்பாவா? சரளை லாரிக்குச் சொல்லிடறேன். ரொப்பிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார்கள். மெயின் சுவிட்ச் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டோடு வந்தார். கரையில் குனிந்து தண்ணீரில் விட்டார். கண் இமைப்பதற்குள் தட்டு பச்சைக்குள் மறைந்தது.

"தம்பி, அடுத்த கூட்டத்தன்னிக்கு இந்தத் தட்டு கரையிலருந்து கண்ணுக்குத் தெரிஞ்சா குளம் இருக்கும். தெரியலன்னா சரளையைக் கொட்டிக்க. டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்."

டாக்டரம்மா சம்மதித்தார். பிறகு அந்த அம்மாள் கணவரை ஒரே ஒரு பார்வை பார்த்தார். உயர் அழுத்தக் கம்பியில் கை வைத்திருந்தாலும் மெயின் சுவிட்சுக்கு அப்படி அடித்திருக்காது. அந்த அம்மாள் உண்டாக்கிய குளம், அந்த அம்மாளின் ஜன்னல், அந்த அம்மாளின் தண்ணீர். அதை ஆஃப் செய்தது தன் கை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து போர்தான். சல்லடை போட்டுப் பாசியை அள்ளினார். அள்ளிய இடத்தில் அள்ள அள்ள வந்தது. வெயில்தானே சப்ளை, அதை நிறுத்துவோம் என்று போர்வையைக் குளத்துக்கு மேலே கட்டினார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செக்ரட்டரியின் பால்கனியில் மாட்டிவிட்டது. "என்ன அத்தான், சூரியனுக்கே ஃபியூஸ் பிடுங்கறீங்களா?" என்று மேலேயிருந்து ஒரு சிரிப்பு.

சோர்ந்துபோய்க் கல்தொட்டியின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்தார். தற்செயலாகத் தொட்டிக்குள் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி இருந்தார்.

தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இதுல எந்தத் தண்ணி?" என்று கத்தினார். ஜன்னலுக்குள்ளே மெஷின் நின்றது.

"மெஷினே, இது என்ன கேள்வி? குளத்துத் தண்ணிதான். முந்தாநாள் மொண்டு ஊத்தறப்ப பச்சைப்பசேல்னு இருந்துச்சு. செடிக்கு மீன் போகக்கூடாதுன்னு கொசுவலைத் துணியில வடிகட்டித்தான் ஊத்தினேன்."

அதே குளம். அதே வெயில். அதே பச்சை. இங்கே மட்டும் எப்படித் தெளிந்தது? மெயின் சுவிட்ச் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து மூக்கு நனையக் குனிந்தார். தொட்டிக்குள்ளே ஒரு திருவிழாக் கூட்டம்! கடுகில் பாதி அளவுப் பூச்சிகள், தத்தித் தத்தி ஏறுவதும் இறங்குவதுமாக. ஒவ்வொன்றின் வயிறும் பச்சை. தின்றுகொண்டே இருந்தன. வலைத்துணி மீனைத்தான் தடுத்திருந்தது. இந்தத் தத்துப்பூச்சிகள் கண்ணி வழியாக நுழைந்து வந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பூதக்கண்ணாடியோடு குளத்துக்கு ஓடினார். அங்கே பேருக்கு ஒரு தத்துப்பூச்சி தென்பட்டது. அதையும் அவர் கண்ணெதிரே ஒரு பொடிமீன் லபக்கென்று விழுங்கியது.

"ஆஹா! ஆஹாஹா!" அவர் குதித்த குதியில் செருப்பு ஒன்று குளத்தில் விழுந்தது. "மெஷினே! இல்ல, அடியே! அவன் லோடு இல்ல! அவன் லோடே இல்ல! ரெகுலேட்டர்! மாப்பிள்ளை பொடிமீனை அடக்கி வச்சான். பொடிமீன் அடங்கினதால பூச்சி பிழைச்சுது. பூச்சி பிழைச்சதால பாசி அளவா இருந்துச்சு. நான் கடைசி பல்பைக் கழட்டறதா நினைச்சுக் கட்டுப்பாட்டு அறையையே கழட்டிட்டேன்!"

கம்பியில் போகிற கரண்ட் போன திசையிலேயே போகும். குளத்தில் அப்படியில்லை. சக்தி கீழேயிருந்து மேலே ஏறுகிறது, அதிகாரம் மேலேயிருந்து கீழே இறங்குகிறது! இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படியொரு லைனை அவர் பார்த்ததே இல்லை. புல்லரித்தது. ஆனால் அடுத்த நொடியே ஒன்று நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையைக் கொடுத்தது மீன்கடையில். மீன்கடையில் மீனை என்ன செய்வார்கள்?

ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

கடை வாசலில் உயிர்மீன் விடும் கண்ணாடித் தொட்டி. அதன் மூலையில், இரண்டு சுற்றுப் பெருத்து, பழைய அலட்சியத்தோடு கிடந்தான் மாப்பிள்ளை.

"இருக்கானா! தங்கச்சி, இவனை ஏன் விக்கல?"

"யாரண்ணே வாங்கறா?" கடைக்கார அம்மா கத்தியைத் துடைத்தார். "எடுக்கலாம்னு குனியறவங்களை இது முறைக்கிற முறையில அவங்களே மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்க. இறால் தலையாத் தின்னுட்டு இப்படியே கிடக்குது. பழகிடுச்சு. இப்ப நான் தரமாட்டேன்."

"தரமாட்டியா? என் குடும்பமே இவன் வாயிலதான் இருக்கு!"

கதையைக் கேட்டதும் கடைக்கார அம்மா மீன்செதில் பறக்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "என் தொட்டி மீனுங்களுக்கும் தீனி வேணும். உங்க பொடிமீனை அள்ளி அள்ளிக் குடுங்க, இவனைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வாளி வாளியாகப் பொடிமீன் கடைக்குப் போயிற்று. கடைசி வாளியில் மாப்பிள்ளை வீடு திரும்பினான். "சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிறதுன்னு சும்மா சொல்லுவாங்க. அண்ணன் நிசமாவே பண்ணிட்டாரு" என்று தெருமுனை முழுக்கச் சிரித்தது.

திரும்பிய மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டான். இறால் தலை தின்று பழகிய நாக்கு! அடியில் போய்ப் படுத்தவன் அசையவில்லை. மிச்சமிருந்த பொடிமீன்கள் அவன் மூக்கின் மேலேயே விளையாடின. மெயின் சுவிட்ச் காலையும் மாலையும் கரையில் உட்கார்ந்து கெஞ்சினார். "தப்பு என்மேலதான். பழசை மனசுல வச்சுக்காதீங்க. ஒரே ஒரு வாய்." பெண் கொடுத்தவர்கூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார். செக்ரட்டரி பால்கனியில் நின்று அளவு நாடாவால் முற்றத்தைக் காற்றிலேயே அளந்துகொண்டிருந்தார்.

ஒரு விடியற்காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தார். முற்றத்திலிருந்து 'பளார்' என்று ஒரு சத்தம். வாயில் நுரையோடு ஜன்னலுக்கு ஓடினார். தண்ணீரில் பெரிய வட்டம். மறுபடி ஒரு 'பளார்'!

"சாப்பிடறான்! மாப்பிள்ளை சாப்பிடறான்!" என்று கட்டிடமே எழுந்திருக்கக் கூவினார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் போதாது. தொட்டியிலிருந்த தத்துப்பூச்சிகளைச் சொம்பு சொம்பாகக் குளத்தில் விட்டார். அவற்றுக்கு இனி பயமென்ன? பெருகின. மேய்ந்தன. பச்சை மெல்ல இளகியது, இன்றைக்கு முழங்கை தெரிகிறது, நாளைக்குத் தொலைந்த செருப்பின் வார் தெரிகிறது. தட்டாம்பூச்சிகள் வந்தன. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றது. மெயின் சுவிட்ச் பரவசத்தோடு, கட்டுப்பாட்டு அறையில் வரைவது போல, யார் யாரைத் தின்கிறார்கள் என்று கோடு போட்டு வரைய உட்கார்ந்தார். பாசியிலிருந்து பூச்சிக்கு ஒரு கோடு, பூச்சியிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கொக்குக்கு, தட்டாம்பூச்சியின் குஞ்சிலிருந்து மீனுக்கு, செத்ததிலிருந்து சேற்றுப் புழுவுக்கு, புழுவிலிருந்து மறுபடி மீனுக்கு. காகிதம் கறுத்துவிட்டது.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மனைவி, "இது என்னங்க, பூனை விளையாடின நூல்கண்டா?" என்றார்.

கணவரிடம்! நேராக! மெஷின் நடுவில் இல்லாமல்!

கூட்டத்து நாள் வந்தது. சரளை லாரி தெருவில் நின்றது. செக்ரட்டரி முன்யோசனையாகக் காரையே முற்றத்துக்குள் ஓட்டி வந்து குளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியிலுள்ள கூழாங்கல் தெரிந்தது, செருப்பு தெரிந்தது, செருப்புக்குள் குடித்தனம் நடத்தும் நத்தைகூடத் தெரிந்தது.

தட்டு தெரியவில்லை.

டாக்டரம்மா இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். "தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. ஆனா தட்டு... எனக்குத் தெரியலையே."

"பேச்சு பேச்சுதான் அக்கா. தட்டு தெரியணும்னு சொன்னது நீ" என்று செக்ரட்டரி லாரிக்காரருக்குக் கை காட்டினார்.

மெயின் சுவிட்ச் கரைக்கு ஓடினார். தட்டு விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தார். அங்கே கறுப்பாய், அகலமாய், ஊரே கூடி நிற்பதைப் பற்றிக் கவலையில்லாமல் படுத்திருந்தான் மாப்பிள்ளை. தட்டின் மேலேயே!

"எழுந்திருங்க மாப்பிள்ளை!" என்று கத்தினார். மாப்பிள்ளை செவுளை ஒருதரம் அசைத்துக்கொண்டான். லாரி உறுமியது. அந்த நேரம் பார்த்து, வெவரம் கெட்ட ஒரு பொடிமீன் கரையோரமிருந்து மாப்பிள்ளை பக்கமாக நீந்தி வந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது.

பளார்!

மாப்பிள்ளை பாய்ந்த இடத்தில், பகல் நிலவு மாதிரி, வெள்ளை வெளேரென்று தட்டு.

"தெரியுது! தெரியுது!" என்று டாக்டரம்மாவே குதித்துவிட்டார். அந்தக் கூச்சலில் கொக்கு மிரண்டு எழும்பியது. எழும்பிப் பறக்கும்போது, சுமையைக் குறைத்துக்கொள்ள நினைத்ததோ என்னவோ, புதுக் காரின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனது.

"தம்பி, சூரியன்ல கிளம்பின சப்ளை, பாசி, பூச்சி, மீன், கொக்குன்னு நாலு லைன் தாண்டி உன் கார் வரைக்கும் வந்து சேந்திருக்கு பாத்தியா? இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" என்றார் மெயின் சுவிட்ச். செக்ரட்டரியே சிரித்துவிட்டார். லாரி பின்வாங்கிப் போனது.

கூட்டம் கலைந்த பிறகும் அந்த அம்மாள் கரையிலேயே நின்றிருந்தார். தண்ணீரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"என்னங்க."

"சொல்லு, சொல்லு!"

"அந்தத் தட்டு செட்டுல உள்ளது. ஒண்ணு குறைஞ்சா நல்லாருக்காது. எடுத்துட்டு வாங்க, அதுலயே சாப்பாடு போடறேன்."

மெயின் சுவிட்ச் குளத்துக்குள் பார்த்தார். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்து தட்டின் மேல் படுத்துவிட்டிருந்தான். அவர் தன் கட்டை விரலை ஒருமுறை தடவிக்கொண்டு, போட்டிருந்த கால்சட்டையோடேயே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

"மாப்பிள்ளை," என்றார் மிகுந்த மரியாதையோடு, "கொஞ்சம் நகருங்களேன்."